தெருவில் தேங்கும் மழைநீரை வாசலிலேயே பிடிக்க: சேலம்வாசிகளுக்கு மழைத்தோட்ட வழிகாட்டி

சேலத்து மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு வந்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும் ரகம். மொட்டை மாடி, சிமென்ட் போட்ட வாசல், பேவர் கல் பதித்த சந்து எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளுகின்றன. சாக்கடை தாங்காமல் பள்ளத்தைப் பார்த்துப் பொங்குகிறது. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று சுற்றிலும் மேடு இருக்க, நடுவில் திருமணிமுத்தாறு ஓடும் ஊர் இது. மேட்டுத் தெருக்காரர் வெளியே விடும் தண்ணீர்தான் கிச்சிப்பாளையத்திலும் நாராயண நகரிலும் முழங்கால் அளவுக்கு நிற்கிறது.

அந்த ஒரு மணி நேரத் தண்ணீரை அவரவர் இடத்தில் பிடித்து வைத்து, அடுத்த ஒரு நாளில் மெல்ல மண்ணுக்குள் இறக்குவதுதான் மழைத்தோட்டத்தின் வேலை. அடியில் கல், அதன் மேல் மண் கலவை போட்டுச் செடி வைத்த பள்ளம்தான் மழைத்தோட்டம். ஏரிகள் மறுகால் போய் ஆறு கரை தாண்டும் நாளில் இதனால் எந்தப் பயனும் இல்லை. அதை எதிர்பார்த்துச் செலவு செய்யாதீர்கள். வருடத்தில் பல தடவை வந்து வாசலை மூழ்கடிக்கும் நடுத்தர மழைக்குத்தான் இது மருந்து.

1. முதலில் பழைய உறிஞ்சு குழியைத் தேடுங்கள்

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ கட்டிய வீடு என்றால் எங்கோ ஒரு குழி இருக்கும். போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டும்போது மூடியிருப்பார்கள், அல்லது துளசி மாடத்துக்குக் கீழே போயிருக்கும். மாடியிலிருந்து இறங்கும் 4 இன்ச் பைப்பின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம்.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் மேலே அரை அடி வண்டல், கீழே செங்கல் துண்டும் ஜல்லியும் இருக்கும். ஜல்லியை அள்ளி, கழுவி, திரும்பப் போடுங்கள். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. உடைந்த செங்கல் இருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். ஊறிக் கரைந்து அடைப்பதே அதுதான். வீட்டில் பழைய கிணறு இருந்தால் இன்னும் நல்லது. வடிகட்டித் தொட்டி வழியாக மாடித் தண்ணீரைக் கிணற்றுக்கே விடலாம். 1,000 சதுர அடி மாடிக்கு முதலில் வரும் 150 லிட்டர் அழுக்குத் தண்ணீரை மட்டும் வெளியே தள்ள ஒரு வால்வு வையுங்கள். இந்த இரண்டில் ஒன்றே போதுமானதாக இருந்தால் கட்டுரையின் மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

2. மழை பெய்யும்போது குடையோடு வெளியே நில்லுங்கள்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மூலையில் நிற்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை வெயிலில் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு மழையின்போது வாசலில் நின்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு டியூப் லெவல் பிடித்து நான்கு மட்டங்களைக் குறியுங்கள்: வீட்டுத் தரை, காம்பவுண்டு தரை, தெரு, தெருவோர மழைநீர் வடிகாலின் அடிமட்டம்.

இதில்தான் பலருக்கு முதல் அதிர்ச்சி. திரும்பத் திரும்பத் தார் போட்டதில் தெரு வீட்டைவிட உயர்ந்திருக்கும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அடுத்த முறை தார் வண்டி வரும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பலனில்லை. தெரு உயர்ந்துவிட்ட வீட்டில் மழைத்தோட்டத்தின் மிகுதித் தண்ணீர் தானாக வெளியே போகாது, தெருத் தண்ணீர்தான் உள்ளே வரும். அப்படிப்பட்ட வீட்டில் கேட்டுக்கு அடியில் முக்கால் அடி மேடு கட்டித் தெருத் தண்ணீரைத் தடுப்பது முதல் வேலை. மிகுதித் தண்ணீரை ஒரு சம்ப்பில் சேர்த்து மோட்டாரால் எடுக்க வேண்டியிருக்கும்.

3. தோண்டவே கூடாத இடங்கள்

உங்கள் அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கும் அதே 10 அடி. செப்டிக் டேங்கிலிருந்து 15 அடி. ஊறும் தண்ணீர் செப்டிக் டேங்குக்குள் இறங்கினால் மழைக்காலம் முழுக்கக் கழிப்பறை எதிர்த்துவரும்.

அம்மாபேட்டை, குகை பக்கம் கைத்தறி வீடுகளில் குழித்தறி இருக்கும். தறிக்குழி தரைக்குக் கீழே இருப்பதால் பக்கத்தில் இறங்கும் நீர் அங்கேதான் முதலில் கசியும். பாவு நூல் ஈரம் வாங்கினால் என்ன ஆகும் என்று தறிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் தறி இருக்கிறதா என்று கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

வெள்ளிப் பட்டறை, சாயப் பட்டறை, வண்டி சர்வீஸ் செய்யும் இடம் ஆகியவற்றின் தரைத் தண்ணீரை எக்காரணத்தைக் கொண்டும் மண்ணுக்குள் இறக்கக் கூடாது. அமிலமும் சாயமும் எண்ணெயும் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். மேல்கூரையின் தண்ணீரை மட்டும் தனிப் பைப்பில் பிரித்தெடுக்க முடிந்தால் செய்யலாம்.

ஏற்காட்டிலோ மலையடிவாரச் சரிவிலோ இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சரிவான நிலத்தில் தண்ணீரை ஒரே இடத்தில் குழி வெட்டி ஊறவைப்பது மண் சரிவுக்கு வழி. 10 அடிக்கு ஒன்றரை அடி இறங்கும் சரிவு என்றாலே மழைத்தோட்டம் வேண்டாம். கல் பதித்த வாய்க்கால் வழியாகத் தண்ணீரைப் பத்திரமாகக் கீழே கொண்டுபோவதுதான் சரி.

4. குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அளவு போடுவது வீண். சேலத்தில் ஒரு தெருவில் நல்ல செம்மண் இருக்கும், அடுத்த தெருவில் இரண்டடியில் சுக்கான் (இறுகிய சுண்ணாம்புக் கல் மண்), அதற்கடுத்து கருங்கல் பாறை. பக்கத்து வீட்டில் நன்றாக வேலை செய்கிறது என்பது உங்கள் மனைக்குச் சாட்சி ஆகாது.

தோட்டம் போடும் இடத்தில் இரண்டு மூலைகளில் ஒரு அடி அகலத்துக்கு, மூன்றேகால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் திரும்ப ஊற்றி வடியவிட்டு, அதற்கடுத்து ஊற்றும்போது ஒரு ஸ்கேலை நட்டு அரை மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண் முதலில் ஆவலாகக் குடிக்கும். அந்த முதல் கணக்கை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். சின்னக் குழியில் பக்கவாட்டிலும் தண்ணீர் கசிவதால், கிடைத்த வேகத்தைப் பாதியாக்கி அதையே கணக்குக்கு எடுங்கள்.

பாதியாக்கிய பிறகும் மணிக்கு அரை இன்ச் அல்லது அதற்கு மேல் இறங்கினால் சாதாரண மழைத்தோட்டம் போதும். அதற்கும் கீழே என்றால் அடியில் வடிகுழாய், அதாவது ஊறாத தண்ணீரை வடிக்கும் ஓட்டை போட்ட பைப், வேண்டும். பாறை மூன்றடிக்குள் தட்டினாலும் அப்படியே. மணிக்கு பத்து இன்ச் என்று மடமடவென இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மனையாக இருக்கலாம்; அங்கே தொடர்ந்து தண்ணீர் இறக்கினால் தரை உள்வாங்கும்.

5. அளவு போடுவது

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு, தெறிப்பும் ஈரமாவதும் போக, சுமார் 3,950 லிட்டர் பைப்பில் இறங்கும்.

இதற்கு 100 சதுர அடி மழைத்தோட்டம், அதாவது மாடியில் பத்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கம். மேலே 6 இன்ச் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் சுமார் 1,400 லிட்டர் பிடிக்கும். அடியிலுள்ள ஒன்றரை அடி மண் கலவையில் 850 லிட்டர், அதற்கும் கீழே ஓரடி கல் அடுக்கின் இடைவெளியில் 1,100 லிட்டர். கூட்டினால் 3,350. தோட்டத்தின் மேலேயே விழும் மழையையும், பெய்யும்போதே இறங்கிவிடும் தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 40 மி.மீ. மழை வரை ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாது. மணிக்கு அரை இன்ச் வேகத்தில் மொத்தமும் காலியாக 28 மணி நேரம் ஆகும். அடுத்த நாள் ராத்திரி மழைக்குள் குழி ஏறக்குறையத் தயாராகிவிடும் என்பதுதான் இந்தக் கணக்கின் முக்கியம். மண் மெதுவாகக் குடித்தால் ஆழத்தைக் கூட்டாதீர்கள், பரப்பைக் கூட்டுங்கள். ஆழக் குழியில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும்.

1,200 சதுர அடி மனையில் சுவரோடு சுவராகக் கட்டியிருந்தால் 10 அடி இடைவெளிக்கு வழியே இல்லை. அவர்களுக்குத் தொட்டி வகைதான். 2 அடி அகலம், 10 அடி நீளம், 3 அடி உயரத்தில் செங்கல் தொட்டி கட்டி, உள்பக்கம் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு பூசுங்கள். உள்ளே அதே கல், மண் அடுக்கு. அடியில் வரும் பைப்பின் முனையை மூடியால் அடைத்து, மூடியில் கால் இன்ச் ஓட்டை ஒன்று போடுங்கள். சுமார் 600 லிட்டர் பிடிக்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் மெல்ல வடியும். தண்ணீர் மண்ணுக்குள் போகாவிட்டாலும், தெரு நிரம்பி வழியும் அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பங்கு தாமதமாகிறது. 250 சதுர அடி மாடிக்கு, அதாவது ஒரு பைப்புக்கு ஒரு தொட்டி.

6. காகிதங்களும் அனுமதியும்

உங்கள் காம்பவுண்டுக்குள் உங்கள் மண்ணைத் தோண்டி மழைத்தோட்டம் போடுவதை யாரும் தடுப்பதில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் மட்டும் திட்ட அனுமதி வரைபடத்திலேயே மழைநீர் சேகரிப்பைக் காட்ட வேண்டும். 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதைக் கேட்கின்றன. உறிஞ்சு குழியோடு மழைத்தோட்டத்தையும் அதே படத்தில் போட்டுவிடுங்கள், பின்னால் கேள்வி வராது.

கேட்டுக்கு வெளியே ஒரு அடி தோண்டினாலும் அது மாநகராட்சி இடம். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கில் உங்கள் வார்டு எந்த மண்டலமோ அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்வழிச் சம்மதத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். ஆள் மாறினால் சம்மதமும் மாறும்.

மனுவோடு வைக்க வேண்டியவை: இடத்தின் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், நீள அகல ஆழம் குறித்த கைப்படம், தண்ணீர் இறங்கும் வேகச் சோதனையின் கணக்கு, மழையன்று எடுத்த படங்கள், இருபுறமும் உள்ள வீட்டுக்காரர்களின் கையெழுத்து. குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தால் அதன் தீர்மான நகலும் பதிவுச் சான்றும். இதைவிடப் பலன் தரும் ஒரு வரி உண்டு: 'பராமரிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதி, பொறுப்பாளர் இருவர் கையெழுத்து போடுங்கள். அதிகாரிகளின் பெரிய பயமே போட்ட பிறகு யார் பார்ப்பது என்பதுதான். எதைக் கொடுத்தாலும் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் ஓடை, வாய்க்கால், ஏரி என்று வகைப்பட்டிருந்தால் நிறுத்துங்கள். அது நீர்நிலைப் புறம்போக்கு. அதில் செடி வைப்பதுகூட ஆக்கிரமிப்பு என்று ஆகிவிடலாம். மழைத்தோட்டத்துக்குத் தோதான பொது இடம், பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பூங்காவுக்கென்று ஒதுக்கித் தானமாக எழுதிக் கொடுத்த இடம். பல நகர்களில் அது முள் மண்டிக் கிடக்கிறது. பூங்காவைத் தெருவைவிட உயர்த்தி மண் கொட்டாமல், தெருவைவிட ஒரு அடி தாழ்த்தி அமைக்கச் சொல்லுங்கள். ஒரே முடிவில் ஒரு தெருவின் தண்ணீர் அடங்கும். நமக்கு நாமே திட்டத்தில் கேட்டால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்காகக் கட்ட வேண்டியிருக்கும். இருபது வீடு சேர்ந்தால் தாங்கக்கூடியதுதான்.

7. எப்போது தொடங்குவது

மனுவைத் தை மாதத்தில் கொடுங்கள், மாசி பங்குனியில் தோண்டுங்கள். சித்திரை வைகாசியில் வரும் கோடை மழை உங்கள் வேலையைச் சோதித்துக் காட்டும். தவறுகளைத் திருத்த நேரம் இருக்கும். ஆவணி முதல் ஐப்பசி வரை பெருமழைக்காலம். அதற்குள் செடி வேர்பிடித்திருக்க வேண்டும்.

ஈர மண்ணில் தோண்டாதீர்கள். மண்வெட்டி பட்ட பக்கம் பூசினாற்போல் வழவழப்பாகி, தண்ணீரை உள்ளே விடாது. ஆடிப் பண்டிகைச் சமயத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமும், குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டைத் தெருக்களிலும் லோடு வண்டி நுழையாது, ஆளும் கிடைக்காது. அந்த மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

8. தோண்டுவதும் நிரப்புவதும்

100 சதுர அடிக்கு மூன்றேகால் அடி ஆழம் என்றால் 325 கன அடி மண். செம்மண்ணில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 60, 70 கன அடி வெட்டுவார். சுக்கானில் அதில் பாதிகூட முடியாது. வெட்டிய மண் உப்பி நான்கு யூனிட்டுக்கு மேல் நிற்கும். யூனிட் என்பது 100 கன அடி. இந்த மண் எங்கே போகும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தெருவோரம் குவித்து வைத்து, ஒரு ராத்திரி மழையில் அத்தனையும் சாக்கடைக்குள் போய், வெள்ளத்தைத் தடுக்கக் கிளம்பியவரே தெருவை மூழ்கடிப்பது நடக்கிற கதை.

ஜே.சி.பி. விட்டால் வேகம் கூடும். ஆனால் வண்டி குழிக்குள் இறங்கக் கூடாது, ஓரத்தில் நின்றே வாற வேண்டும். அடிமண் அழுந்திவிட்டால் சோதனையில் கண்ட வேகம் பாதிகூட இருக்காது. தோண்டி முடித்ததும் அடித்தரையைக் கடப்பாரையால் அரையடிக்குக் கொத்திவிடுங்கள். தரை மட்டமாக இருக்கட்டும். சாய்ந்திருந்தால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் சேரும்.

கீழே 9 இன்ச் உயரத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, 75 கன அடி. அதன் மேல் 3 இன்ச் உயரத்துக்கு 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி), 25 கன அடி. இரண்டையும் கழுவித்தான் போட வேண்டும். கிரஷரிலிருந்து வரும் ஜல்லியில் ஒட்டியிருக்கும் மாவு அடியில் போய்ப் படிந்து சிமென்ட் மாதிரி ஆகிவிடும். சிலர் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே துணி விரிக்கச் சொல்வார்கள். வேண்டாம். முதலில் அடைபடுவது அந்தத் துணிதான், மாற்றவும் முடியாது. சிப்ஸ் அடுக்கே வடிகட்டி.

அதன் மேல் ஒன்றரை அடி மண் கலவை. படிந்து இறங்கும் என்பதால் 175 கன அடி வாங்குங்கள்: எம்-சாண்ட் 105, செம்மண் 45, மக்கிய உரம் 25. கான்கிரீட்டுக்குப் போடும் எம்-சாண்ட்தான் வேண்டும். கடையில் பூச்சு வேலைக்கான பி-சாண்ட்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்; அது மாவு, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி அரை மணி வையுங்கள். மணலுக்கு மேல் சாம்பல் நிறப் படலம் கனமாக நின்றால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். உரம் நன்கு மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் போட்டால் நாறும், கொசுவும் வரும். 25 கன அடி என்பது சுமார் 700 லிட்டர். மாநகராட்சியின் நுண் உரக் கிடங்கில் கேட்டுப் பாருங்கள்.

கலவையை வெளியே புரட்டிக் கலந்து, அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்துப் படிய விடுங்கள். காலால் மிதிக்க வேண்டாம். கடைசியாக 3 இன்ச் கனத்துக்கு கூழாங்கல் அல்லது கனமான மரச்சிராய். தென்னை நார்க்கழிவும் கடலைத் தோலும் முதல் மழையிலேயே மிதந்து போய், மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் வழிகுழாயை அடைத்துக்கொள்ளும்.

வடிகுழாய் தேவைப்பட்டவர்கள், ஓட்டை போட்ட 110 மி.மீ. பி.வி.சி. பைப்பை ஜல்லிக்குள், குழியின் அடித்தரையிலிருந்து 3 இன்ச் மேலே வையுங்கள். ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். பைப்பின் ஒரு முனையை மேலே தூக்கி மூடி போட்டு வைத்தால், அடைத்துக்கொள்ளும்போது தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யலாம்.

வண்டி நுழையாத சந்து என்றால் டிராக்டர் தெருமுனையோடு நின்றுவிடும். குட்டியானையில் 15, 20 கன அடி மணலுக்கு மேல் ஏற்றக் கூடாது. நடைகளின் கூலியையும் சுமைகூலியையும் சேர்த்துத்தான் மணல் விலையைப் பார்க்க வேண்டும்.

9. தண்ணீர் வரும் வழி, போகும் வழி

மாடிப் பைப்பை நேராகத் தோட்டத்துக்குள் விடாதீர்கள். நடுவே 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடியில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். இலையும் மண்ணும் அதில் தங்கும். கண்ணங்குறிச்சி, நகரமலை அடிவாரம் போன்ற மலையோரப் பகுதிகளில் தரைத் தண்ணீரையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் தொட்டியை இரண்டு மடங்காக்குங்கள். முதல் மழை செம்மண் குழம்பாகவே வரும். தொட்டிக்குக் கொசுவலை மாட்டிய மூடி அவசியம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் முதலில் திறந்து பார்ப்பதும் இதைத்தான். தொட்டியின் அடியில் அரை இன்ச் ஓட்டை விட்டால் மழை நின்றபின் தானே காலியாகும்.

தண்ணீர் விழும் இடத்தில் கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்புங்கள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் பள்ளம் பறிக்கும்.

வழிகுழாய் இல்லாத மழைத்தோட்டம் ஆபத்தானது. 4 இன்ச் பைப்பை நிமிர்த்தி, வாய் தோட்டத்து மண்ணிலிருந்து 6 இன்ச் மேலே, காம்பவுண்டுத் தரையிலிருந்து 3 இன்ச் கீழே இருக்கும்படி வைத்து, வலைக்கூடை மாட்டுங்கள். அது தெருவோர மழைநீர் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். பாதாளச் சாக்கடையில் இணைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பிளம்பர் 'பக்கத்திலேயே இருக்கு சார், டக்குனு மாட்டிடலாம்' என்பார். மாட்டினால் அடுத்த மழைக்குப் பள்ளத்துத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டுக் கழிப்பறையில் அது பொங்கும். விதிப்படியும் அது குற்றம். வடிகால் நிரம்பித் தண்ணீர் திரும்பி வரும் தெரு என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

10. செடிகள்

ஒரு நாள் தண்ணீரில் நின்று, பிறகு இரண்டு மாதம் சேலத்து வெயிலில் காய வேண்டும். இரண்டையும் தாங்குபவைதான் பிழைக்கும். பள்ளத்தின் நடுவில் வெட்டிவேரும் கல்வாழையும். வெட்டிவேரின் வேர் செங்குத்தாக இறங்கி மண்ணை இறுகவிடாமல் வைத்திருக்கும். தரையை மூட பொடுதலை. இதற்கு நிகர் இல்லை, மிதித்தாலும் வரும். சரிவில் நொச்சி, ஆடாதொடை, எலுமிச்சைப்புல். மரம் வைக்க இடம் இருந்தால் புங்கம் அல்லது நீர்மருது. அரசும் ஆலும் அத்தியும் பைப்பைத் தேடி வந்து உடைக்கும். சதுர அடிக்கு ஒரு செடி போதும். முதல் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றுங்கள்.

11. வாசலும் தெருவோரமும்

வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பேவர் கல்லே போடலாம், பதிக்கும் முறை மட்டும் மாற வேண்டும். அடியில் மணலுக்குப் பதில் 6 மி.மீ. சிப்ஸ், அதற்குக் கீழே 8 இன்ச் ஜல்லி. கற்களுக்கு நடுவே அரை விரற்கடை இடைவெளி விட்டு, அதிலும் கழுவிய நுண்சிப்ஸ். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கனமுள்ள கல். வேலை முடித்துவிட்டுக் கொத்தனார் பழக்கதோஷத்தில் சிமென்ட் பால் ஊற்றிப் பெருக்கிவிடுவார். அந்தக் கடைசி நாளன்று பக்கத்திலேயே இருங்கள்.

தெருவோரத்தில் இடம் கிடைத்தால் புல் வாய்க்கால்: ஒரு அடி ஆழம், ஒரு அடி இறங்க மூன்று அடி என்ற மென்மையான பக்கச் சரிவு, அருகம்புல். தெரு இறக்கமாக இருந்தால் 15 அடிக்கு ஒரு இடத்தில் அரையடி உயரக் கல்தடுப்பு வையுங்கள். தோண்டும் முன் குடிநீர்க் குழாய், மின்கேபிள், பாதாளச் சாக்கடை எங்கே போகிறது என்று லைன்மேனையும் குழாய்ப் பணியாளரையும் அழைத்துச் சுண்ணாம்பில் கோடு போட்டுவிடுங்கள்.

12. செலவு

மேலே சொன்ன 100 சதுர அடி மழைத்தோட்டத்துக்குத் தோண்டும் கூலி, மண் அகற்றல், ஜல்லி, மணல், வண்டல் தொட்டி, பைப், செடி எல்லாம் சேர்த்து 30,000 முதல் 40,000 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள். பாறை தட்டினாலோ சந்து குறுகலாக இருந்தாலோ கூடும். பணம் போதவில்லை என்றால் 50 சதுர அடியில் ஒரு பைப்புக்கு மட்டும் செய்யலாம். வண்டல் தொட்டியையும் வழிகுழாயையும் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். பெரும்பாலான தோட்டங்கள் கெட்டுப்போவது இந்த இரண்டும் இல்லாமல்தான். கூலியை நாள் கணக்கில் பேசாமல் கன அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள், சுக்கானுக்குத் தனி விலை.

13. மழைக்குப் பிறகு

முதல் பெருமழை நின்றதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே நிற்கும் 6 இன்ச் தண்ணீர் 12 மணி நேரத்தில் மறைய வேண்டும். 48 மணி நேரம் தாண்டியும் நின்றால் கோளாறு, விட்டுவைத்தால் கொசுப்புழு வந்துவிடும். முதலில் வழிகுழாயையும் வடிகுழாயையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் மேல்மண்ணில் கையை விட்டுத் தோண்டிப் பாருங்கள். மேலே ஒரு இன்ச் பசை போலிருந்து கீழே உலர்ந்திருந்தால் வண்டல் படலம்தான், அதை மட்டும் சுரண்டினால் போதும். கீழேயும் சொதசொதவென்றிருந்தால் அடிமண் அழுந்தியிருக்கிறது; கடப்பாரையால் அடிவரை ஆங்காங்கே குத்தி, துளைகளைச் சிப்ஸால் நிரப்பிப் பாருங்கள்.

வண்டல் தொட்டியை மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அள்ள வேண்டும். மாடியைச் சித்திரையிலும் ஆவணியிலும் பெருக்குங்கள். மாடியில் வடகம் காயவைக்கும் வீடுகள், சோப்பு போட்டு மாடி கழுவும் வீடுகள், அன்றைக்கு மட்டும் பைப்பின் திசையைத் திருப்பிவிட ஒரு டி-ஜாயின்ட் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலே இரண்டு இன்ச் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். மாடித் தண்ணீர் மட்டும் வந்த தோட்டத்து வண்டலைச் செடிகளுக்குப் போடலாம். வண்டி நிறுத்தும் இடத்துத் தண்ணீர் வந்த தோட்டம் என்றால் அதில் எண்ணெயும் டயர்த் தூளும் இருக்கும். கீரைப் பாத்தி பக்கமே கொண்டுபோகாமல் குப்பை வண்டியில் தனி மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.